மாப்பிள்ளை வரைந்த மூடிய வால்வு

என் மாப்பிள்ளை தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். அவர் வாய்தான் பழுதே ஆகாத மோட்டார். பன்னிரண்டு வருடமாக என் வீட்டில்தான் சாப்பாடு, என் சமையலுக்குத்தான் நொட்டை. வாடிக்கைக்காரருக்கு விளக்குகிறேன் என்று, வெள்ளையடித்த மறுநாளே கூடத்துச் சுவரில் கரியால் படம் போட்டார்: மோட்டார், குழாய், மூடிய வால்வு.

"தண்ணி போக வழியில்லன்னா மோட்டார் முக்கி முக்கிச் சூடேறும் அத்தை."

"அப்படியே சுவத்தையும் ரிப்பேர் பண்ணிடுங்க மாப்ள," என்றேன்.

அந்த வாயையும் ஒரு காய்ச்சல் அடைத்தது. நுரையீரல் இரண்டும் கல்லாகிவிட்டன. இரத்தத்தை வெளியே இழுத்து, காற்றேற்றி, திரும்ப உடம்புக்குள் விடும் இயந்திரத்தோடு முப்பத்தெட்டு நாள் கிடந்தார். தொண்டையில் குழாய், பேச்சில்லை. மகள் வேலைக்குப் போய்விட, பகல் காவல் எனக்கு. இத்தனை நாள் கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. எனக்குப் பிடிக்கவேயில்லை.

நுரையீரல் டாக்டர் தினமும் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சிரிப்பார். "நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல பாட்டி." மாப்பிள்ளையின் கால் தூணாக வீங்கியிருந்தது, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. கேட்டால், "படுத்தே கிடந்தா வீங்கும்." காலும் கழுத்தும் வேறு இலாகா போலிருக்கிறது.

ஒரு நாள் மாப்பிள்ளை சைகையால் எழுதும் பலகை கேட்டார். எழுதினார். நர்ஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரே கிறுக்கலா இருக்கு பாட்டி." எனக்கோ எழுத்தே தெரியாது. அவர் என்னை முறைத்தார், அதே பழைய முறைப்பு. துடைத்துவிட்டு வரைந்தார். மோட்டார். குழாய். மூடிய வால்வு. பிறகு தன் நெஞ்சைத் தொட்டார்.

டாக்டரும் நர்சுமாகப் படித்தவர்கள் நாலு பேர் படத்தைப் பார்த்து, பாவம் பொழுது போகாமல் வரைகிறார் என்றார்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"கல்லான நுரையீரலுக்குள்ள ரத்தத்தத் தள்ளித் தள்ளி இவரு நெஞ்சு முக்குது டாக்டர். இதயத்தப் பாக்குறவர் வராம நான் நகர மாட்டேன்."

"நீங்க என்ன டாக்டரா பாட்டி?"

"இல்லப்பா. மோட்டார்காரரோட மாமியார்."

இதய டாக்டர் வந்து, நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்ததும் திரையை எல்லோர் பக்கமும் திருப்பினார். இதயத்தின் வலப்பக்கம் பலூனாக உப்பியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நின்றிருக்குமாம். குழாயை மாற்றி, இயந்திரத்திலிருந்து வரும் இரத்தத்தை நுரையீரல் பக்கம் விடாமல் நேராகப் பெரிய இரத்தக்குழாயில் விட்டார்கள். மூன்றாம் நாள் கழுத்து நரம்பு அடங்கியது.

"சரியான நேரத்துல கண்டுபிடிச்சிட்டோம்," என்றார் நுரையீரல் டாக்டர். நானும் பாராட்டினேன்.

வாரங்கள் கழித்துத் தொண்டைக் குழாயை எடுத்த அன்று, மாப்பிள்ளையின் முதல் பேச்சு கரகரவென்று வந்தது. "வால்வு முழுசா மூடல அத்தை. பாதி தொறந்துதான் வரைஞ்சேன். சரியாப் பாக்கலியே நீங்க."

"வீட்டுக்கு வாங்க. சுவத்துல இருக்கறதப் பாத்துப் பேசிக்கலாம்."

"இன்னும் வெள்ளையடிக்கலியா?"

"எனக்கெங்க நேரம்," என்றேன்.