கார்த்திகையைப் படம் பிடித்த செலின்

செலின் அம்மாள் காலமான செய்தி, போன திங்கட்கிழமை காலையில் எனக்கு டெலிபோனில் வந்தது. எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. ஆழ்வார்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீட்டு வக்கீல் ஆளனுப்பிக் கூப்பிட்டார். மறுமுனையில் செலினின் தம்பி சவரிமுத்து. சாந்தோமில் ஒரு மருந்துக் கடையிலிருந்து பேசினார்.

"அம்மா, அக்கா பூட்டாங்க. விடியறப்போ மூச்சு நின்னுடுச்சு. சாயங்காலம் எடுக்குறோம்" என்றார்.

ரிசீவரை வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தச் செய்தி யாருடைய கை வழியாகவும் வரவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு என்றால், எங்கள் ஆபரேட்டர் கூட்டத்தில் ஒருத்தி அதை முதலில் கேட்டிருப்பாள். எனக்கு இணைப்புக் கொடுப்பதற்கு முன் அவள் அழுதிருப்பாள்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். செலின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். சாந்தோமில் பல தலைமுறையாக வாழும் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பனார் கோயில் பள்ளியில் வாத்தியார். நான் கணவரை இழந்து, மயிலாப்பூர் உறவினர்களின் முணுமுணுப்பையும் மீறி வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. எங்கள் முன்னால் நீளமான பலகை. வீட்டுக்கு ஒரு துளை, ஒரு சிறு விளக்கு. விளக்கு எரிந்ததும் கயிற்றைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும்.

ஒருநாள் மாலை தியாகராய நகர் வீடு ஒன்றின் விளக்கு எரிந்தது. ஒரு பெண்குரல் "டாக்டர்" என்று மட்டும் சொல்லி அடங்கிவிட்டது. அந்த வீட்டுக்கு வழக்கமாக வரும் டாக்டர் தம் வீட்டில் இல்லை. செலின் அவருடைய கிளப்பைக் கேட்டார், மாமனார் வீட்டைக் கேட்டார், கடைசியில் அடையாற்றில் ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பிடித்து அந்த வீட்டுக்கு அனுப்பினார். சிக்கலான பிரசவமாம்; தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். நாங்கள் பாராட்டியபோது, "அந்தம்மா பேச முடியல. நாமதானே பேசணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த விளக்கைப் பார்த்தார்.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. எங்களைப் போக விடவில்லை. "நீங்க இல்லேன்னா இந்த ஊர் ஊமையாயிடும்" என்றார் மேலதிகாரி. நாங்கள் பயந்துகொண்டேதான் இருந்தோம். ஆனாலும் அந்த வார்த்தை எங்களுக்கு ஒரு பெருமையைத் தந்தது.

விளக்கணைப்பு உத்தரவால் கடற்கரை வரை இருண்டுபோயிற்று. செலினுக்கு ஆகாயம் தென்பட்டது அப்போதுதான். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரின் சாமான்கள் மூர் மார்க்கெட்டில் ஏலத்துக்கு வந்தபோது, செலின் ஒரு பித்தளைத் தொலைநோக்கியை வாங்கினார். மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றிலிருந்து பழைய காமிராவும் கொஞ்சம் கண்ணாடித் தகடுகளும் கிடைத்தன. காமிராவைத் தொலைநோக்கியின் முதுகில் கட்டினார். நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்குமாம். படம் தெளிவாக விழ வேண்டுமானால் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து, ஒரு கைப்பிடியை மெல்ல மெல்லத் திருகி அதன் பின்னாலேயே போக வேண்டும்.

பகல் வேலை முடிந்து ஒரு மாலை என்னையும் தம் வீட்டு மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். அவர் திருகிக்கொண்டிருக்கும்போது விளக்கணைப்பைக் கண்காணிக்கும் ஏ.ஆர்.பி. வார்டன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"இன்னாமா இது, பீரங்கி மாதிரி கீது? யாருக்கு சிக்னல் குடுக்கிற?"

"கார்த்திகை நட்சத்திரத்தைப் படம் புடிக்கிறேன் நைனா. கொஞ்சம் பேசாம நில்லுங்க, காமிரா ஆடுது."

படம் முடியும் வரை அவர் அசையாமல் காத்திருந்தார். பிறகு தாமும் ஒருமுறை குனிந்து பார்த்தார். "ஆறுன்னு சொல்வாங்க, இத்தினி கீதே" என்று சொல்லிவிட்டு, மாடிச்சுவர்மேல் வைத்திருந்த அரிக்கேன் விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லிப் போனார்.

அன்றைய தகட்டைக் கழுவியபோது ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் சின்ன வால் முளைத்திருந்தது. கை நடுங்கிய இடம் அது. "இதோ, வார்டன் ஏறி வந்த இடம்" என்று காட்டி அவர் சிரித்தார். அந்த வால் நட்சத்திரங்களை அச்சுப்போட்டு எனக்கும் ஒன்று தந்தார். என் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

யுத்தம் ஓய்ந்தது, விளக்குகள் திரும்பின. கூடவே தானாக இணைப்புக் கொடுக்கும் இயந்திரமும் கப்பலில் வந்து இறங்கியது. எங்களுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் இரும்பு அலமாரிகளாக அதை நிறுத்தினார்கள். எங்கள் வேலை போகக் கூடாது என்று நாங்கள் மனு எழுதினோம். செலின்தான் அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் பேசினார்.

"ஐயா, நாங்க இல்லேன்னா ஊர் ஊமையாயிடும்னு சொன்னீங்க."

அவர் தலை குனிந்தபடியே பதில் சொன்னார். "சொன்னேன்மா. பொய் சொல்லலை. இப்போ உத்தரவு மேலேயிருந்து வருது. என்னை யாரும் கேக்கலை."

அவரைத் திட்டிவிட்டு வந்திருந்தால் எங்களுக்கு ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

அடுத்த மாதம் சந்தாதாரர் வீடுகளுக்குப் போய்ப் புதிய டெலிபோனில் எண்ணைச் சுழற்றச் சொல்லிக்கொடுக்கும் வேலையை எங்களுக்கே தந்தார்கள். தியாகராய நகரில் ஒரு வீட்டு அம்மாள் சந்தோஷமாக, "இனிமே யாரையும் கெஞ்ச வேண்டாம், இல்லையா?" என்றார். செலின் "வேண்டாம்மா" என்றார். அந்த அம்மாளின் விரலைப் பிடித்துத் துளையில் வைத்து, கடைசிவரை சுழற்றி, திரும்பி வரும் வரை காத்திருக்கக் கற்றுக்கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நம்ம பொழைப்பு போறது. நீ என்னமோ குழந்தைக்கு அட்சராப்பியாசம் பண்ற மாதிரி சொல்லிக் குடுத்துண்டு இருக்கே" என்றேன்.

"தப்பாச் சொல்லிக் குடுத்தா அந்தம்மாவுக்குத்தான் தப்பான வீடு விழும் கோமளம். மெஷினைக் கொண்டாந்தவனுக்கு இன்னா ஆவப்போவுது?"

இயந்திரத்துக்கு மாற்றிய அன்று மத்தியானம் மணி அடித்தார்கள். எல்லாக் கயிறுகளையும் ஒரே சமயத்தில் உருவினோம். பலகை முழுக்க விளக்குகள் அணைந்தன. பின்கூடத்தில் ஆயிரம் வெட்டுக்கிளிகள் கத்துவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. யாரோ கைதட்டினார்கள். செலின் தலையில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி, எப்போதும்போல் துடைத்து, கொக்கியில் மாட்டினார்.

வெளியூர் இணைப்புக்குச் சிலரை வைத்துக்கொண்டார்கள். என்னை வைத்தார்கள், செலினை வைக்கவில்லை. ஏன் என்று இருவருக்கும் தெரியாது. அவர் வேலை தேடிப் பல ஆபீஸ்கள் ஏறி இறங்கினார். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். வயது குறைந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள்.

சவரிமுத்து கச்சேரி ரோட்டில் கிராமபோன் ரிப்பேர் செய்பவர். அக்கா முகம் வாடியிருப்பதைப் பொறுக்காமல், பழைய கிராமபோன் மோட்டார் ஒன்றைப் பல்சக்கரங்கள் வைத்துத் தொலைநோக்கியோடு பொருத்திக் கொடுத்தார். "கீ குடுத்தா போதுங்கா. அதுவா நட்சத்திரம் பின்னாலயே போய்க்கினு இருக்கும்" என்றார். அப்படியே போயிற்று. கார்த்திகை ஒரு வால்கூட இல்லாமல், ஊசியால் குத்தினதுபோல் விழுந்தது. நான் வாய்விட்டுப் பாராட்டினேன். செலின் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முந்தி ஒரு நட்சத்திரத்தைப் புடிச்சிக்கினு உக்காந்திருப்பேன். இப்போ கீ குடுத்துட்டுக் கீழே போய்க் கஞ்சி காய்ச்சுறேன். என் கையைவிட இது நல்லாத்தான் சுத்துது கோமளம். அதுதான் என்னால ஒண்ணும் சொல்ல முடியல."

தம்பியின் மனம் நோகும் என்று அவரிடம் அதைச் சொல்லவில்லை. மோட்டாரைக் கழற்றவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாடிக்குப் போவது குறைந்தது.

இந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நெஞ்சில் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது மூச்சுக்கு நடுவில்தான் பேசினார். "வெளியூர் போர்டு எப்படி இருக்கு?" என்று கேட்டார். பொய் சொல்லத்தான் நினைத்தேன். "அதுக்கும் மெஷின் வரப்போறதுன்னு பேசிக்கறா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த நியாயத்தைப் போய் யார்கிட்ட சொல்றது, சொல்லு" என்றார். டாக்டர் வந்தார், நாடி பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போனார். சவரிமுத்து வாசற்படியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மாலை கல்லறைத் தோட்டத்துக்கு எக்ஸ்சேஞ்சுப் பெண்கள் பலர் வந்திருந்தோம். பாதிரியார் லத்தீனில் ஜெபம் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. வெட்டிய குழியில் தண்ணீர் இறங்கியது. யாரும் சொல்லாமலே நாங்கள் குடைகளை எங்கள் தலையிலிருந்து எடுத்து அந்தக் குழியின்மேல் நீட்டிப் பிடித்தோம். குடைக்குக் குடை நடுவே வழிந்தது. பக்கத்து மண்ணிலிருந்தும் ஊறி வந்தது. நிற்காது என்று தெரிந்தும், பெட்டியை இறக்கும் வரை கைவலியோடு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம்.

போய் வாருங்கள், செலின். எங்களால் ஆனது அவ்வளவுதான்.