அக்கியும் மருமகளும்

போன வாரம் என் கணவரின் இடது புருவத்துக்கு மேல் நாலைந்து கொப்புளங்கள். முந்தின நாளிலிருந்தே நெற்றி எரிந்திருக்கிறது. மனுஷர் மூச்சு விடவில்லை.

"கொசு கடிச்சிருக்கும். ஒண்ணுமில்ல" என்றார்.

எங்கள் மருமகள் நிலாதான் தோசையைப் பாதியில் விட்டு எழுந்து வந்து பார்த்தாள். அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வைரஸ் ஆராய்ச்சி செய்கிறவள்.

"மாமா, இது அக்கி. கண்ணுக்குள்ள போனா பார்வைக்கே ஆபத்து. கிளம்புங்க."

ஒரே வீட்டில் இருந்தும் இவர்கள் இருவரும் பேசிக்கொள்வது அபூர்வம். சண்டையெல்லாம் இல்லை... கூச்சம். இவர் "சாப்பிட்டியாம்மா" என்பார். அவள் "ஆச்சு மாமா" என்பாள். அன்றைய கோட்டா முடிந்தது. உங்கள் வீட்டில் எப்படி?

மந்தைவெளியில் ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா சார், கண்ணு இப்டி வீங்கிக்கீது?" என்றார். அப்போதுதான் இவருக்கு முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்த நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். இவர் மெதுவாகக் கேட்டார்:

"எனக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"சின்ன வயசுல அம்மை போட்டிருக்கும் மாமா. அந்த வைரஸ் அப்ப முழுசா போகல. நரம்புக்குள்ளயே படுத்துக்கிச்சு."

"இத்தனை வருஷமாவா? உடம்புக்குத் தெரியாதா?"

அவள் முகம் மலர்ந்தது. "அதைத்தான் மாமா நான் ஆராய்ச்சி பண்றேன்... இதோட சொந்தக்கார வைரஸ் ஒண்ணுல. அது குட்டிக் குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகளைத் தயார் பண்ணும். அதுங்க போய் நம்ம உடம்பு செல்லுக்குள்ள ஓடற சேதிகள்ல ஒட்டிக்கும். 'உள்ள ஆள் பூந்துட்டான்'னு செல் கத்தணும்ல? அந்தக் குரலையே அமுக்கிடும். சில துண்டுங்க வைரஸையே அடக்கி வைக்கும்... மாட்டிக்காம இருக்கறதுக்கு."

வலியை அமுக்கி வைக்க நம் வீட்டு ஆண்களுக்கு எந்த வைரஸின் உதவியும் வேண்டாம் – நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. எங்கே சொல்ல? இவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழிக்கு ஒன்றும் ஆகவில்லை. சீக்கிரம் வந்ததால் மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்றார். நிலா சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். அவ்வளவு நேரமும் பயத்தை மறைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறாள்... பாவம்.

மருந்துச் சீட்டைக் கொடுத்த நர்ஸ் கேட்டார், "இவங்க உங்க பொண்ணா சார்?"

"ஆமா" என்றார் இவர்.

"அப்ப இவங்க?" – என்னைக் காட்டினார் நர்ஸ்.

"அவளோட மாமியார்."