கொய்னாவா, பத்தியமா?

முதல் காய்ச்சலில் என் மகளைக் காப்பாற்றியது எது? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் ஊரான கம்பத்தில், வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் குளிர்காய்ச்சல் வீடுவீடாக வரும். அவளுக்கு அப்போது எட்டு மாதம். குளிர்காய்ச்சலுக்கென்று தபாலாபீசில் விற்கும் கொய்னா மருந்துப் பொடியை வாங்கித் தேனில் குழைத்துக் கொடுத்தேன். பால் கொடுப்பவள் என்பதால் அன்றே நானும் புளி, காரம் தள்ளிப் பத்தியம் இருந்தேன். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

"ஒம் பத்தியந்தேன் ஆத்தா புள்ளையக் காப்பாத்துச்சு" என்றார் மாமியார்.

பள்ளியில் அவரைச் செடி வளர்த்துப் பாடம் படித்தவள் நான். வெயிலையும் தண்ணீரையும் ஒன்றாக மாற்றினால் செடி எதனால் வாடியது என்று சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பார் ஆசிரியை. நானோ கொய்னாவையும் பத்தியத்தையும் ஒரே நாளில் தொடங்கியிருந்தேன்.

அடுத்த மாதம் காய்ச்சல் திரும்பியது. மாமியாரிடம் கொய்னா கேட்டேன்.

"அந்தக் கசப்பு புள்ள கொடல வேக வச்சுரும். எட்டாப்பு படிச்சவுகளுக்கு எல்லாந் தெரியுமாக்கும்! பத்தியத்த ஒழுங்கா இரு, போதும்."

இருந்தேன். ஆறாம் நாள் அவள் என் மடியிலேயே அடங்கிப்போனாள்.

மாமியார் அழுதுகொண்டே கேட்டார்: "களவா எதுவும் தின்னியா ஆத்தா?"

இல்லை என்றேன். மூன்றாம் நாள் ஒரு துண்டு ஊறுகாய் தின்றிருந்தேன்.

இப்போது மகனுக்கு ஐந்து மாதம். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். காய்ச்சல் வந்தால் கொய்னாவும் கொடுப்பேன், பத்தியமும் இருப்பேன். எது காக்கிறது என்று பார்க்க ஒன்றை நிறுத்த எனக்குத் துணிவில்லை. ஆனால் கொய்னாவை மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பதா, மறைத்துக் கொடுப்பதா? பிள்ளை பெற்றவர்களே, எனக்கு எழுதுங்கள்.