மாமா உட்கார்ந்த நாற்காலி

என் அக்கா பிரம்பு பின்னுகிறவள். தூக்கத்தில்கூட அவள் விரல்கள் சும்மா இருக்காது. அவள் கணவர், எங்கள் மாமா, அதே பட்டறையில் தச்சர். நான் அங்கே பாலிஷ் போடுகிறேன், வம்பும் பேசுகிறேன்.

போன வருடம் ஒரு இன்ஜினியர் புதுவகை இழை கொண்டுவந்தார். நாற்காலி இருக்கையில் பிரம்போடு சேர்த்துப் பின்னி, பாரம் வைத்துச் சூடு காட்டினால் அந்தப் பள்ளத்தை அது மறக்காதாம். குளிரில் தட்டையாகிவிடும், வெயில் பட்டால் மறுபடி பள்ளம் விழும். பாரத்துக்கென்று மணல் மூட்டை கொடுத்திருந்தார். ஆனால் செய்தவர்தான் முதலில் உட்கார வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம்.

"மூட்டைக்கு என்ன தெரியும்?" என்று மாமா சூடு தாங்கத் தடிக் கம்பளியை விரித்து உட்கார்ந்துவிட்டார். இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார்.

சில மாதத்தில் மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். நாற்காலி இருந்தது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்ததும் முனகும், மெல்ல அமுங்கும், இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. மாமாவுக்கு வலது கால் ஊனம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாலிஷ் போடுவேன். அக்காவோ அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து பின்னுவாள்.

ஒருநாள், "பள்ளம் முன்னால நகருது, பாத்தியா?" என்றாள்.

"உன் கண்ணுலதான் கோளாறு."

"இல்லடி. எழுந்திருக்கப் பாக்கறாரு. முடியல."

யாராவது கை கொடுக்காமல் மாமாவால் எழ முடியாது. கொடுப்பது எப்போதும் அக்காதான். குனிந்து பார்த்தேன். முன்விளிம்பு தொய்ந்துதான் இருந்தது.

"இழை தளர்ந்திருக்கும். நாற்காலி கண்காட்சிக்குப் போகணும், நாளைக்கு வந்து இதைவிடப் பலமா சூடு வெச்சு எல்லாத்தையும் அழிச்சிடறேன்," என்றார் இன்ஜினியர் போனில்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. "அவரு உள்ள இருக்கும்போதேவா?" என்று என்னிடம் கேட்டாள். பயத்தில் அவளைக் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

மறுநாள் வெயில் வந்தது, நாற்காலி அமுங்கியது. அக்கா எழுந்து போய்க் கையை நீட்டினாள்.

"எழுந்திரிங்க."

விளிம்பு கிரீச்சிட்டது. அவள் தோள் சட்டென்று கீழே இறங்கியது. காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தாள். இருக்கை படக்கென்று நிமிர்ந்து தட்டையானது. வெயில் இன்னும் அதன்மேல்தான் இருந்தது.

இன்ஜினியர் வந்து சூடு காட்டிக் காட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே, யார் அழிச்சது?" என்றார். நான் குனிந்து பாலிஷ் துணியை மடித்தேன்.

அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். இடது கையை மடித்து வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தவள், வாசலில் நின்றாள்.

"பாத்து, படி இருக்கு," என்றாள்.

நான் இன்னும் பட்டறைக்குள்ளேதான் நின்றிருந்தேன்.