ஒரு குச்சி போதும்

குச்சியை உரசியதும் ஓரிதா தோமோயோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கந்தக நெடி போகும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் சுருட்டைக் கையில் எடுக்கிறார். அதை உடனே வாயில் வைப்பதில்லை. தீக்கு ஒரு விரற்கடை மேலே சாய்த்துப் பிடித்து, அடிப்பக்கத்தை மெல்ல உருட்டுகிறார். விளிம்பு சுற்றிலும் கறுத்த பிறகே உதட்டுக்குப் போகிறது. உருட்டியபடி இரண்டு இழுப்பு. பிறகு கனலைத் திருப்பி, லேசாக ஊதிப் பார்த்து வாடிக்கையாளரிடம் நீட்டுகிறார்.

“பாருங்க, முழு நிலா. பிறை மாதிரி இருந்தா ஒரு பக்கமா எரிஞ்சு மானத்தை வாங்கும்.”

அவசரக்காரர்களை அவருக்குப் பிடிக்காது. “கொளுத்தாதீங்க, சுடுங்க. மீன் சுடுறப்ப அதை அடுப்புக்குள்ளயா திணிக்கிறீங்க?” என்பார்.

ஜப்பானின் மோஜி துறைமுகத்தில், படகுத்துறைக்குப் போகும் சந்தில் இருக்கிறது அவருடைய புகையிலைக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மழையில்தான் நிற்க வேண்டும். எதிரே என் காபிக்கடை. தோமோயோ பத்தொன்பது வருடம் படகுத்துறையில் சீட்டுக் கிழித்துவிட்டு, விலகும்போது கிடைத்த தொகையில் அந்தப் புகையிலைக் கடையை வாங்கினார். வயது ஐம்பத்து மூன்று. என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். லைட்டர் சக்கரத்தை உருட்டி உருட்டி அவருடைய வலது கட்டைவிரலில் காய்ப்பு ஏறியிருக்கிறது. கேஸ் லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பியதும் அக்குளில் இடுக்கிக்கொள்வார். உள்ளே போன கேஸ் குளிர்ந்திருக்குமாம். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல மூன்று நிமிடம் அப்படியே நின்று கணக்குப் பேசுவார், வம்பு பேசுவார். அதற்குப் பிறகே பற்றவைத்துப் பார்ப்பார்.

கேட்டதையெல்லாம் விற்கவும் மாட்டார். புகைபிடிக்கும் பைப்புக்குப் பெட்ரோல் லைட்டர் கேட்ட மாலுமி ஒருவரின் மூக்குக்கு நேரே அதைத் திறந்து காட்டினார். “மோந்து பாருங்க. முதல் பத்து இழுப்பும் பெட்ரோல்தான் குடிப்பீங்க. கப்பல் எஞ்சினா நீங்க?”

இந்த வாய்தான் போன மாசியில் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

எங்கள் ஊர் பைப் சங்கம் வியாழன்தோறும் என் கடை மாடியில் கூடும். தலைவர் மிசோகாமி பல் டாக்டர். பைப் பிடித்துக் கறையேறிய பற்களைச் சுத்தம் செய்து சம்பாதித்து, அதைப் பைப்பிலேயே செலவழிப்பவர். சீறி எரியும் நீலச் சுவாலை லைட்டர் ஒன்றை அவர் கேட்டபோது அக்கா தடுத்தார். “அது சுருட்டுக்கு, டாக்டர். பைப்புக்குச் சாந்தமான தீ வேணும். இது விளிம்பைக் கருக்கிடும்.”

“பல்லுல முடி கனத்துக்குத் துளை போடுறவன் நான். என் கைக்குத் தெரியாதா?”

வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது வாரம், பன்னிரண்டு உறுப்பினர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, தன் பைப்பை மேசையில் வைத்தார். புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் ஒரு பக்கம் எலி கடித்ததுபோல் கரிந்து போயிருந்தது. புகையிலைப் பொட்டலம் கொண்டுவந்த அக்கா அப்போதுதான் படியேறி வந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே டாக்டர் சொன்னார்: “கோளாறு பிடிச்ச லைட்டரை என் தலையில கட்டிட்டாங்க இந்தம்மா.”

“நெருப்பு மேல குத்தம் சொல்லாதீங்க, டாக்டர். காட்டின இடத்துலதான் அது எரியும்.”

“சரி, நீங்க ஒரு பைப்பை அரைமணி நேரம் பிடிச்சிருக்கீங்களா, சொல்லுங்க. விக்கிறது வேற, பிடிக்கிறது வேற.”

சிலர் சிரித்தார்கள். அக்கா பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். ருசி பார்க்க இரண்டு இழுப்பு, அதற்கு மேல் அவர் பிடித்ததே இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து சங்கத்து ஆட்கள் ஜலசந்தியைத் தாண்டி எதிர்க்கரை ஊரான ஷிமோனோசெகியில் போய் வாங்கத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். மாதக் கடைசியில் அவர் கடைவாசலில் நின்றது நானும் குசபாவும்தான். குசபா இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர்.

சித்திரையில் வட்டாரப் போட்டி வந்தது. ஆளுக்கு மூன்று கிராம் புகையிலை, இரண்டு தீக்குச்சி. பற்றவைக்க ஒரு நிமிடம். அதற்குப் பிறகு தீயைத் தொடக்கூடாது. கடைசிவரை யாருடைய பைப் புகைகிறதோ அவருக்குப் பரிசு. அணிக்கு மூன்று பேர் வேண்டும். சங்கத்தில் சேராத நானும் குசபாவும் தனி அணி; எங்கள் மூன்றாவது ஆள் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு படுத்துவிட்டார். இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது அக்கா துணியால் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “என் பேரை எழுதுங்க.”

குசபாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏம்மா, பாதியில மயங்கி விழுந்துட்டா?”

“கப்பலையே இழுத்தவர்தானே நீங்க. என்னை இழுத்துட்டுப் போக முடியாதா?”

துறைமுகத்துப் பழைய கிடங்கின் மாடியில் இருபத்தேழு பேர் உட்கார்ந்தோம். அவர் ஒருவர்தான் பெண். எதிர் மேசையில் மிசோகாமி. புகையிலையை அக்கா மூன்று தவணையாகப் போட்டார். அடியில் தளர்வாக, மேலே கொஞ்சம் இறுக்கமாக. மணி அடித்தது. மற்றவர்கள் கன்னம் குழிய இழுத்தார்கள். அக்கா முகத்தைத் திருப்பி, நெடி போகவிட்டு, நீண்ட குச்சியின் தீயைக் கிண்ணத்துக்கு மேல் வட்டமாகச் சுற்றினார். புகையிலை பொங்கி எழுந்தது. குச்சி எரிந்துகொண்டிருக்கும்போதே விரல்நீள மரக்கட்டையால் புகையிலையை மெதுவாக அமுக்கி, மறுபடி ஒரு சுற்று. விரலைச் சுடும் நேரத்தில் ஊதி அணைத்தார்.

“இன்னொரு குச்சி இருக்குங்க,” என்றார் நேரம் பார்ப்பவர்.

“இருக்கட்டும். ஒன்னு போதும்.”

முப்பத்தோராவது நிமிடத்தில் மிசோகாமி, பைப் அணைந்துவிட்டதென்று கையைத் தூக்கினார். இரண்டு குச்சியையும் செலவழித்திருந்தார். சாம்பலைத் தட்டில் கொட்டியபோது பாதி கரியாகவும் பாதி பச்சைப் புகையிலையாகவும் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குசபாவின் பைப் நாற்பத்து நான்காவது நிமிடத்தில் அணைந்தது. என்னுடையது ஐம்பதில்.

ஒரு மணி நேரம் தாண்டியதும் அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. மூக்குநுனியில் வேர்வை கோத்து நின்றது. “போதும் அக்கா, விட்டுடுங்க,” என்று காதில் சொன்னேன். பைப்பை எடுக்காமலே தலையை ஆட்டினார். நேரம் பார்ப்பவர் புகையைக் காட்டச் சொல்லும்போதெல்லாம் நூல்போல ஒரு இழை விட்டார். ஒரு மணி பதினெட்டு நிமிடத்தில் அணைந்தது. அடுத்தடுத்து மீதி மூன்று பைப்பும் அணைந்தன. இருபத்தேழு பேரில் அக்காவுக்கு நான்காவது இடம்.

தட்டில் கொட்டினார். அடிவரை ஒரே சீராக வெளுத்த சாம்பல். மிசோகாமி எழுந்துவந்து குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “லைட்டர்ல கோளாறு இல்லை. கோளாறு என் கையில. உங்க கடைப் பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க.”

இடுப்புவரை வளைந்து வணங்கினார். அவருடைய சங்கத்துக்காரர்கள் பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லதுங்க, டாக்டர்,” என்றார் அக்கா. பதிலுக்கு வணங்கிவிட்டு, முதுகு வளையாமல் கூடத்தைக் கடந்து வெளியே போனார்.

சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போனேன். கரையோரத் தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜலசந்திக்குள் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். மதியம் சாப்பிட்ட நூடுல்ஸ் மொத்தமும் போயிற்று. கைக்குட்டையை நீட்டினேன், தள்ளிவிட்டார். உள்ளே ஒலிபெருக்கியில் முதல் ஐந்து பேரின் பெயர்களைப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அக்கா குழாயடியில் வாயைக் கொப்பளித்தார். கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துப் பார்த்து உதட்டுச்சாயம் பூசினார். ரத்தம் ஏறுவதற்காக இரண்டு கன்னத்திலும் தனக்குத்தானே பளார் பளாரென்று அறைந்துகொண்டு, உள்ளே நடந்தார்.