ஏரியிலிருந்து ரோட்டுக்கு வந்த லாசரஸ் அண்ணன்

செம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்போர்ஷனில் இருக்கிறார் லாசரஸ் அண்ணன். ஏ.சி. மெக்கானிக். லீவு நாள் என்றால் பச்சைச் சட்டையோடு ஏரிக்கரைச் சேற்றில் குந்திவிடுவார். முழ நீள லென்ஸில் பறவைகளைப் படம் எடுப்பார். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி நான் வாங்கியது. கறுப்பு அங்கியில் அப்பா அம்மாவோடு நான் நிற்கும் படம் அவர் எடுத்ததுதான். அதையும் எங்கோ ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று, எங்களுக்குத் தெரியாமலே எடுத்தார். கேமராவைக் கண்டாலே விறைத்துப்போகும் அப்பா அதில் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்காகவே அண்ணனை நான் மறக்கமாட்டேன்.

போன மழையோடு அவருக்கு முட்டி போய்விட்டது. இனி சேற்றில் உட்காரவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். "ஊரை எடுங்கண்ணா, சூரியன் சாயறதை எடுங்க" என்று நான்தான் கிளப்பிவிட்டேன். சில மாலைகள் அலைந்தும் ஒன்றும் தேறவில்லை. எல்லாப் படத்திலும் யாருடைய முதுகாவது, இல்லாவிட்டால் பஸ்.

"இன்னிக்கும் நல்ல படம் வரலைன்னா கேமராவை உள்ள வெச்சிடறேன் தம்பி. போதும்" என்றபடி என் பைக்கில் ஏறினார். பெருங்களத்தூர் போனோம்.

அங்கே பஸ் ஸ்டாப் ஓரம் ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அதே பச்சைச் சட்டை. லென்ஸின் மூக்கு மட்டும் வெளியே. "பேசாத, அசையாத" என்று என்னையும் அடக்கினார். எதிரே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா விருட்டென்று எழுந்து வந்தார்.

"யோவ், இன்னா ஒளிஞ்சிகினு பாக்குற? வெளிய வா!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அண்ணன் லென்ஸை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா, அவர் பறவையை எடுக்கிறவரு" என்றேன்.

"அதுக்கு? நான் இன்னா கொக்கா, பாத்தா பறந்துடறதுக்கு? வாயத் தொறந்து கேட்டா ஆவாதா?"

கூட்டம் சிரித்தது. அண்ணன் மெதுவாக எழுந்து நின்றார். பறவைகளிடம் அவர் எதையும் கேட்டதில்லை.

"அக்கா... உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"எடு. எல்லம்மா எம் பேரு. இரு, இரு." கூடையிலிருந்து கொஞ்சம் மல்லியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "கிட்ட வாய்யா."

"கிட்ட வந்தா இந்த லென்ஸுல படம் விழாதுக்கா. நான் பின்னாடி போகணும்."

"இன்னும் பின்னாடியா? அப்படியே தாம்பரம் போயிடு!"

அண்ணன் பின்வாங்கிய இடைவெளியில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. "டேய், வண்டிய எட்றா! போட்டோ புடிக்கிறாங்கல்ல!" என்று எல்லம்மாவே விரட்டினார். ரயில் பாதைப் பக்கம் சாய்ந்த வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. விரட்டிய வேகத்திலேயே சிரித்துவிட்டார். அண்ணன் அழுத்தினார்.

கேமராத் திரையைப் பார்த்தவர் அதை என் பக்கம் திருப்பினார். "என்னை நேராப் பாத்துச் சிரிச்ச முதல் உசுரு தம்பி இது" என்றார். எல்லம்மா இருந்த திசைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வெளிச்சம் போய்விட்டது. பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டுத் திரும்பினால் அண்ணனைக் காணோம். தெருவிளக்கின் கீழ் வெள்ளரிக்காய் விற்பவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "அண்ணே, உங்களை ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"