கப்பல்காரர் வீட்டுச் சாத்தாத கதவு

மூன்று வருஷத்துக்கு முன் முத்துப்பேட்டையில் என் வாப்பா மௌத்தானபோது நான் ஷார்ஜாவில் இருந்தேன். பெற்றவரின் அடக்கத்துக்கு வரக்கூட லீவு கிடைக்கவில்லை. காக்கா, அதாவது என் அண்ணன், எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். வாப்பா கடைசியாகச் சொன்னது: "கதவைச் சாத்தாதீங்க, அவன் வருவான்." அதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினேன்.

ஆனால் அது ஊரே அறிந்த வாசகம். பல தலைமுறைக்கு முன், பினாங்கு போன மகனுக்காகக் காத்திருந்த கப்பல்காரர் ஒருவர் உயிர் பிரியும்போது சொன்னதாம். வாப்பாவும் அதையே சொன்னாரா, காக்கா தானாகச் சேர்த்துச் சொன்னாரா? இந்தச் சந்தேகம் முளைத்த பிறகு சோறு இறங்கவில்லை. போன மாதம் லீவில் வந்தவன், காக்கா இப்போது குடியிருக்கும் தஞ்சாவூரிலிருந்து முத்துப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன்.

காலை 6.10 பஸ். பட்டுக்கோட்டையில் மாறவேண்டும். சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், 24 ரூபாய். ஒரத்தநாட்டில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. நடவு முடிந்த வயல்களை ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

காக்கா பேசிய பூத் இப்போது ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் என்னைக் கண்டுகொண்டார்.

"உங்க காக்கா இங்கேருந்துதாங்க பேசினாரு" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "கதவைச் சாத்தாதீங்கங்கிற அதே வார்த்தைய துபாய்க்கும் சவூதிக்கும் இருபது பேராவது சொல்லிக் கேட்டிருக்கேன். மௌத்தானவங்க எல்லாருமா அதையே சொல்லியிருப்பாங்க?"

கப்பல்காரர் வீட்டுப் பக்கம் நடந்தேன்.

கப்பல்காரர் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. கதவு மண்ணில் புதைந்து, சாத்தவே முடியாமல் திறந்து கிடக்கிறது. உள்ளே இருட்டில் வாசலைப் பார்த்தபடி ஒரு கட்டில். அதில் வெளுத்த விரிப்பு. அந்த வீட்டு மருமகள் தினமும் மாற்றுகிறாராம். அருகே நின்ற அவருக்கு ஐம்பது வயதிருக்கும்; லாத்தா, அதாவது அக்கா, என்றே கூப்பிட்டேன்.

"லாத்தா, கப்பல்காரர் நெசமாவே அப்படிச் சொன்னாரா?"

"அவருக்குக் கடைசி மூணு நாளா பேச்சே இல்லையாம். மௌத்தான பிறகு பினாங்குலேருந்து மகன் வந்து அழுதப்ப, பக்கத்துல இருந்த வேலைக்காரம்மா மனசு பொறுக்காமச் சொன்னது அது. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்." கட்டிலைத் தடவினார். "போன வாரமும் ஒருத்தர் வந்து இதையேதான் கேட்டாரு. எல்லாரும் நீங்க நிக்கிற இடத்துலதான் நிப்பாங்க."

எனக்குப் பின்னால் யாரோ உள்ளே வருவதுபோல் இருந்தது. திரும்பினேன். வாசல் காலியாக இருந்தது. லாத்தா திரும்பிப் பார்க்கவே இல்லை, பழகியவர்போல.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், அலையாத்திக்காட்டுக்குப் படகும் கிடைக்கும். கப்பல்காரர் வீட்டில் காசு வாங்கமாட்டார்கள். பதில் தாங்குமா என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

நாலரைக்குத் தஞ்சாவூர் திரும்பினேன். காக்கா வாசலிலேயே நின்றிருந்தார். நான் எங்கே போனேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் ரத்தமில்லை.

"கப்பல்காரர் நெசமாவே சொன்னாராமா?"

வாப்பாவைப் பற்றி நான் கேட்கவேண்டிய கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. காக்கா கதவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"சொன்னாராம் காக்கா" என்றேன். "பக்கத்துல இருந்தவங்களே காதால கேட்டாங்களாம்."